சீஸ் கெட்டுப்போச்சா, இல்லையா... மோந்து பார்த்தா மட்டும் போதுமா?

வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, திருவண்ணாமலையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, விடியற்காலையில் மணலூர்பேட்டை வந்து சேர்கிறார் சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பெண். தம்பிக்கு பிஸ்ஸா செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பையில் துருவிய மொசரெல்லா சீஸ் ஒரு பாக்கெட், சீஸ் ஸ்லைஸ் ஒரு பாக்கெட், கூடவே 200 கிராம் பனீர்.

"ராத்திரி பூரா பையிலயே இருந்திருக்கே, நல்லாருக்குமா இது?" என்று கேட்கிறார் அம்மா. மகள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறார். "சீஸுக்கு இன்னும் ரெண்டு மாசம் டேட் இருக்கும்மா." அம்மா விடுவதாக இல்லை. "டேட்டு கெடக்குது. மோந்து பாரு மொதல்ல."

இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான். இதில் யார் சொல்வது சரி? உண்மையைச் சொன்னால், ரெண்டு பேருமே பாதிதான் சரி. சீஸ் விஷயத்தில் தேதியும் ஏமாற்றும், மூக்கும் ஏமாற்றும்.

பாலுக்குப் பழகிய மூக்கு

காலையும் மாலையும் சொசைட்டியில் பால் ஊற்றும் வீடுகள் உள்ள ஊர்களில், பால் கெட்டுவிட்டதா என்று யாரும் கூகுளில் தேடுவதில்லை. காய்ச்சும்போது திரிந்தால் தெரிந்துவிடும். தயிர் புளித்தால் நாக்கு சொல்லும். சாம்பார் ஊசிப்போனால் கரண்டியைத் தூக்கும்போதே நூல் நூலாக வரும். தலைமுறை தலைமுறையாகப் பழகிய அறிவு இது.

சீஸுக்கு அந்தப் பழக்கம் நம்மிடம் இல்லை. ஏனென்றால் சீஸ் என்பதே வேண்டுமென்றே திரியவைத்த பால். நல்ல கிருமிகளைச் சேர்த்துப் புளிக்கவைத்து, ரெனெட் என்ற நொதியால் உறையவைத்து, தண்ணீரை வடித்து, உப்பு போட்டு, சில வகைகளை மாதக்கணக்கில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். அதனால் நல்ல சீஸே சில சமயம் ஊறவைத்த சாக்ஸ் மாதிரி நாறும். நாறுகிறது என்று அதைத் தூக்கிப் போட்டால் காசு நஷ்டம். எந்த நாற்றமும் இல்லை என்று இன்னொன்றைச் சாப்பிட்டால் ஆஸ்பத்திரி செலவு.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? ஒரே ஒரு விஷயத்தை: ஈரம்.

கருவாடு ஏன் தாங்குது, மீன் ஏன் தாங்கல?

மீன் ஒரு நாள்கூடத் தாங்காது, கருவாடு மாதக்கணக்கில் இருக்கும். காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். கருவாட்டில் தண்ணீர் கம்மி, உப்பு ஜாஸ்தி. கிருமி வளரத் தண்ணீர் வேண்டும், அது இல்லாவிட்டால் அதன் வேலை நடக்காது. சீஸுக்கும் அதே கணக்குதான்.

100 கிராம் பனீரில் பாதிக்கு மேல் தண்ணீர். மொசரெல்லாவிலும் ஏறக்குறைய பாதி. செடார் சீஸில் 39 கிராமுக்குள்தான். பார்மெசானில் 30 கிராம் சொச்சம். இத்தாலியில் 'பார்மிஜானோ ரெஜ்ஜானோ' என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அது குறைந்தது 12 மாதம் முதிர்ந்திருக்க வேண்டும். அத்தனை மாதம் தாக்குப்பிடித்த ஒன்று, உங்கள் ஃப்ரிட்ஜில் மூன்று வாரத்தில் சட்டென்று கெட்டுவிடப் போவதில்லை. பனீர் அப்படி இல்லை. எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்து, துணியில் கட்டிப் பிழிந்து, அன்றே விற்பனைக்கு வருவது. கருவாடு, மீன் கணக்கில் சொன்னால் பனீர் மீன், பார்மெசான் கருவாடு.

நடுவில் இன்னொரு ரகம் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான்: புராசஸ்டு சீஸ். ஸ்லைஸ், க்யூப், டின், கட்டி எல்லாம் இதில் அடக்கம். 1911-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் ஆகிய இருவர், சீஸை சிட்ரேட் உப்பு சேர்த்து உருக்கினால் நீண்ட நாள் தாங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். 1916-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் இதே மாதிரியான ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சூட்டில் உருக்கும்போதே கிருமிகளில் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன. அதனால்தான் பிரிக்காத புராசஸ்டு சீஸ் பாக்கெட்டில் பல மாதம் தள்ளித் தேதி போட முடிகிறது.

பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 331, 339, 452 என்று எண்கள் இருந்தால் அவை அந்த உருக்கும் உப்புகள். 200, 202, 234, 235 என்று இருந்தால் பூஞ்சையையும் கிருமியையும் தடுக்கச் சேர்த்தவை. இவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இந்த சீஸ் ஏன் இத்தனை நாள் தாங்குகிறது என்பதற்கான பதில் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, எத்தனை நாள்?

பனீரிலிருந்து தொடங்குவோம், அதிகம் வாங்குவது அதைத்தானே. பால் கடையில் வெட்டித் தரும் லூஸ் பனீர் என்றால் ஃப்ரிட்ஜில் ரெண்டு, மூணு நாள். 10 டிகிரி செல்சியஸில் வைத்தால் ஆறு நாள் வரை தாங்கும், ஆனால் மூன்றாவது நாளே புதுசின் ருசி போய்விடும் என்கின்றன பால்வள ஆய்வுகள். வெளியே வைத்தால் ஒரு நாளைக்கு மேல் கனவுகூட காண வேண்டாம், அதுவும் நம் சித்திரை வெயிலில். தண்ணீரில் போட்டு வைப்பவர்கள் அந்தத் தண்ணீரை தினமும் மாற்ற வேண்டும். ஒரே தண்ணீரில் மூன்று நாள் கிடந்த பனீரைவிட, சும்மா டப்பாவில் இருந்த பனீரே மேல். ஆவின் உள்ளிட்ட கம்பெனிகளின் சீல் செய்த பாக்கெட் என்றால் அதில் போட்டிருக்கும் தேதி வரை. பிரித்துவிட்டால் அதுவும் லூஸ் பனீர் கணக்குதான்.

செடார், கௌடா மாதிரி கட்டி சீஸ் பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் ஆறு மாதம் வரை இருக்கும். பிரித்த பிறகு மூன்று, நான்கு வாரம். புராசஸ்டு சீஸ் கட்டிக்கும் பிரித்த பிறகு இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். க்ரீம் சீஸ் என்றால் ரெண்டு வாரம். துருவிய மொசரெல்லாவைப் பிரித்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. ஒரே சீஸ்தானே, துருவினால் என்ன என்று கேட்கலாம். துருவும்போது ஒவ்வொரு இழையும் காற்றுபட ஒரு புது முகம் காட்டுகிறது. பூஞ்சை உட்கார இடம் பல மடங்கு.

இந்தக் கணக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருந்தால் மட்டும். கதவு இடுக்கில் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதும் சூடாவது அந்த இடம்தான். ஃப்ரீசருக்குக் கீழே இருக்கும் சில்லர் ட்ரே சரியான இடம்.

தேதி பற்றியும் ஒரு வார்த்தை. 2020-ம் ஆண்டின் லேபிளிங் விதிப்படி 'யூஸ் பை' அல்லது காலாவதி தேதியை அச்சிடுவது கட்டாயம். 'பெஸ்ட் பிஃபோர்' என்பதைக் கம்பெனி விரும்பினால் கூடுதலாகப் போடலாம், அது ருசி பற்றியது. முக்கியமான விஷயம், ரெண்டுமே சீல் பிரிக்காத, சொன்ன குளிரில் வைத்த பாக்கெட்டுக்குத்தான் செல்லும். பஸ்ஸில் ஊர் சுற்றிய பாக்கெட்டுக்கு அந்தத் தேதி எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

பூஞ்சையை மட்டும் வெட்டிட்டு சாப்பிடலாமா?

இணையத்தில் இதற்கு 'தாராளமா', 'தொடவே தொடாதீங்க' என்று ரெண்டு பதிலும் கிடைக்கும். ரெண்டுமே சரி, வேறு வேறு சீஸுக்கு.

கண்ணுக்குத் தெரியும் பச்சைப் புள்ளி, பூஞ்சையின் தலை மட்டும்தான். வேர் மாதிரியான நுண்ணிய இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். கெட்டியான, ஈரம் குறைந்த சீஸில் அந்த இழை அதிக தூரம் போக முடியாது. அதனால் செடார், பார்மெசான் மாதிரி முழுக் கட்டியில் ஒரு மூலையில் மட்டும் பூஞ்சை இருந்தால், அதைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் குறைந்தது ஒரு அங்குலம், அதாவது ரெண்டரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. கத்தி பூஞ்சையின் மேல் படக்கூடாது. பட்ட கத்தியாலேயே மீதியை வெட்டினால், நாமே நாற்று நட்ட மாதிரி ஆகிவிடும். வெட்டியதைப் புது கவரில் சுற்றி வையுங்கள், பழைய கவர் வேண்டாம்.

பனீர், க்ரீம் சீஸ், ஸ்ப்ரெட், துருவிய சீஸ், ஸ்லைஸ் இதில் எதில் ஒரு புள்ளி தெரிந்தாலும் மொத்தமும் குப்பைக்குத்தான். ஈரத்தில் இழை எங்கும் ஓடும். கூடவே கண்ணுக்குத் தெரியாத கிருமியும் வளரும். ஸ்லைஸ் ஒவ்வொன்றும் தனித்தனி கவரில் சீலாகி இருந்தால், பூஞ்சை பிடித்ததை மட்டும் எறியலாம். ஒரே அடுக்காக ஒட்டியிருந்தால் மொத்தமும் போக வேண்டியதுதான்.

'ப்ளூ சீஸே பூஞ்சைதானே' என்று நண்பர்கள் வட்டத்தில் ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். ஆமாம். அது தேர்ந்தெடுத்துச் சேர்த்த பெனிசிலியம் ராக்ஃபோர்ட்டி என்ற பூஞ்சை. ப்ரீ, காமெம்பெர் சீஸின் வெள்ளைத் தோல் பெனிசிலியம் காமெம்பெர்ட்டி. உங்கள் பனீரில் தானாக வந்து உட்கார்ந்தது யாரென்று உங்களுக்குத் தெரியாது. சில பூஞ்சைகள் சூட்டில் அழியாத நச்சை விட்டுவைக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது, நல்லதைக் கெட்டது என்று எறிவது. பழைய செடார் கட்டியின் மேல் வெள்ளையாக மணல் படிந்த மாதிரி தெரிந்தால், அது பெரும்பாலும் கால்சியம் லாக்டேட் உப்பு. பார்மெசானைக் கடிக்கும்போது நறநற என்பது டைரோசின் படிகம். பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். படிகம் விரலில் உறுத்தும். துருவிய சீஸில் மாவு தூவிய மாதிரி இருப்பது, இழைகள் ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் ஸ்டார்ச்சோ செல்லுலோஸோதான். வெளியே வைத்த சீஸில் எண்ணெய் கசிந்தால் அது கொழுப்பு இளகியது, கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. ஓரம் காய்ந்து விரிசல் விட்ட கட்டியையும் துருவித் தோசை மேல் போட்டுவிடலாம்.

நிஜமாகவே கெட்டதற்கு அடையாளங்கள் வேறு. பனீரைத் தொட்டால் கொழகொழவென்று விரலில் ஒட்டும், வழுக்கும். வெள்ளை போய் மஞ்சளோ இளஞ்சிவப்போ அடிக்கும். பால் வாசனை இருக்க வேண்டிய இடத்தில் புளித்த வாடை வரும். கட்டி சீஸில் பழைய எண்ணெய் மாதிரி சிக்கு வாடை, அல்லது அம்மோனியா நெடி, நாக்கில் கசப்பு. சீல் பிரிக்காத பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்தால் உள்ளே கிருமி வாயு விட்டிருக்கலாம், வாங்காதீர்கள். டின் உப்பியிருந்தால் ருசி பார்க்கவே கூடாது.

மூக்குக்குத் தெரியாத எதிரி

இதுவரை சொன்னதெல்லாம் கண், மூக்கு, விரலுக்குத் தெரிபவை. தெரியாதது ஒன்று உண்டு. பெயர் லிஸ்டீரியா.

ஃப்ரிட்ஜில் வைத்தால் கிருமி வளராது என்பது நம் பொதுவான நம்பிக்கை. லிஸ்டீரியா அந்தக் குளிரிலும் மெதுவாக வளரும். நிறம் மாற்றாது, நாற்றம் தராது. ஆரோக்கியமான இளைஞருக்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம். கர்ப்பிணிகளுக்கு அப்படி இல்லை. தாய்க்குச் சாதாரண காய்ச்சல் போல வந்து போகும், ஆனால் கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். சாப்பிட்டு 70 நாள் கழித்துக்கூட அறிகுறி தெரியலாம் என்பதால், எந்த உணவால் வந்தது என்று கண்டுபிடிப்பதே பாடு.

1985-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் மெக்சிகோ பாணி மென் சீஸ் ஒன்றால் 142 பேருக்கு இந்தத் தொற்று வந்தது. அவர்களில் 93 பேர் கர்ப்பிணிகளோ, அவர்களின் சிசுக்களோ. 48 உயிர்கள் போயின, அதில் 30 கருவிலிருந்த அல்லது பிறந்த சில நாட்களே ஆன குழந்தைகள். காய்ச்சாத பால் கலந்திருந்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த சீஸும் நம் பனீர் மாதிரியே வெள்ளையாக, மென்மையாக, முதிராமல் விற்கப்படும் ரகம்.

நம் வீட்டுக்கு இதில் என்ன சேதி? வீட்டில் கர்ப்பிணியோ, வயதானவரோ, கீமோ மாதிரி சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால், பனீரைப் பச்சையாக சாலட்டில் போடாமல் குழம்பிலோ தவாவிலோ நன்றாகச் சூடேற்றிக் கொடுங்கள். சூட்டில் லிஸ்டீரியா செத்துவிடும். மென் சீஸ் வாங்கினால் பாஸ்சரைஸ் செய்த பால்தானா என்று லேபிளைப் பாருங்கள். சுற்றுலா போகும் இடத்தில் 'பச்சைப் பால் சீஸ், ஒரிஜினல்' என்று நீட்டினால் கர்ப்பிணிகள் நாசூக்காக மறுத்துவிடலாம்.

'எல்லாத்தையும் நல்லா கொதிக்க வெச்சா சரியாப்போயிடுமே?' ஆகாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்றொரு கிருமி, கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவுக்கு வருவது. வெதுவெதுப்பில் கிடக்கும் பனீரில் வளர்ந்து ஒரு நச்சை விடும். கொதித்தால் கிருமி சாகும், அந்த நச்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி. கெட்ட பனீரை பட்டர் மசாலாவாக்கி மீட்கும் முயற்சி எடுபடாமல் போவதற்கு இதுவே காரணம்.

கரன்ட் போனா?

2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த ரெண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஆற்றின் கரையோர ஊர்களில் வெள்ளம், மின்வெட்டு. தை மாதத்தில் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டைக்கு வரும் அதே ஆறுதான். அந்த மாதிரி நாட்களில் சீஸ் பற்றி யாரும் யோசிக்கப் போவதில்லை, நியாயம்தான். ஆனால் கரன்ட் திரும்பி வந்த அன்று எல்லா வீட்டிலும் ஃப்ரிட்ஜைத் திறந்து இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்: எதை வைக்கிறது, எதைக் கொட்டுறது?

மூடியே வைத்த ஃப்ரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். நிறைய பொருள் இருக்கும் ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம். அதற்கு மேல் போனால் பனீர், மொசரெல்லா, க்ரீம் சீஸ், துருவிய சீஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். கட்டி செடார், பார்மெசான், புராசஸ்டு சீஸ் ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம்.

வாடகை ரூமைப் பூட்டிவிட்டு பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன வழி உண்டு. டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஊறுகாய் ஜாடி ரூல்

சீஸை எப்படி வைப்பது என்பதற்குப் புதிதாக எதுவும் கற்க வேண்டாம். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போட்டால் பாட்டி என்ன சொல்வார்? அதேதான். ஈரக் கை, பிரெட் துகள் ஒட்டிய கத்தி, ரெண்டும் சீஸுக்கு ஆகாது. கட்டி சீஸை பட்டர் பேப்பரில் சுற்றி, அதன் மேல் தளர்வாக ஒரு கவர். இறுக்கமாக பிளாஸ்டிக்கில் மட்டும் சுற்றினால் உள்ளே வியர்த்து, அந்த ஈரத்தில் பூஞ்சை வரும். டின் சீஸைத் திறந்துவிட்டால் மீதியை மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். அதிகம் வாங்கிவிட்டால் மொசரெல்லாவை ஒரு பிஸ்ஸாவுக்கு வேண்டிய அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் போடலாம். பனீரையும் போடலாம், ஆனால் உருகியதும் உதிரும். புர்ஜிக்குப் பரவாயில்லை, டிக்காவுக்கு ஆகாது.

இப்போது மணலூர்பேட்டை வீட்டுக்குத் திரும்புவோம். சீக்கிரம் கெடும் எந்த உணவும் ஃப்ரிட்ஜுக்கு வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான். பஸ்ஸில் போனது ராத்திரி முழுக்க. துருவிய மொசரெல்லாவும் பனீரும் குப்பைக்கு, தேதி எதுவாக இருந்தாலும், வாசனை எப்படி இருந்தாலும். ஸ்லைஸ் புராசஸ்டு சீஸ் என்பதால் பிழைத்தது, உடனே ஃப்ரிட்ஜில் வைத்து சீக்கிரம் தீர்த்துவிடலாம். பனீர் வேண்டுமென்றால், பால் இருக்கும் ஊரில் ஒரு லிட்டர் வாங்கி ரெண்டு எலுமிச்சையில் அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம். அடுத்த முறை மொசரெல்லா கொண்டுவருவதாக இருந்தால், முந்தின நாளே அதை ஃப்ரீசரில் கல்லாக உறையவைத்து, ரெண்டு ஐஸ் பேக்கோடு தெர்மல் பையில் போட்டு எடுத்து வரட்டும்.

தம்பிக்கு இந்த வாரம் பிஸ்ஸா கிடையாது. சீஸ் தோசை உண்டு.